பாதியில் திருப்பக் கூடாது

எங்கள் சபையில் யார் வீடு மாறினாலும் முதலில் ஜாரம் ஜெப்சனுக்குத்தான் ஆள் போகும். அவன் வந்து வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவான். எதையும் அளக்க மாட்டான், எதையும் தொட மாட்டான். வாசலில் வந்து நின்று, "இருபது அடி வண்டி போதும். பியானோ முதல்ல, மெத்தையெல்லாம் கடைசியில" என்பான். அப்படியே நடக்கும். வண்டிக் கதவைச் சாத்தும்போது வெளியே ஒரு விளக்குமாறு மட்டும் மிஞ்சியிருக்கும். அதையும் எங்கோ ஓரிடத்தில் செருகிவிடுவான். கிழக்கு ஐடஹோவில் அப்படி ஒரு கண்ணை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அதே ஜாரம் ஜெப்சன் பல்மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வில், வடிவங்களையும் இடத்தையும் கண்ணால் கணிக்கிற பகுதியில், இரண்டு முறை மண்ணைக் கவ்வினான். முப்பதுக்கு முதல் தடவை பதினைந்து. ஒரு வருஷம் படித்துவிட்டு மறுபடி எழுதினான், பதினாறு. வேதியியலிலும் உயிரியலிலும் இருபதைத் தாண்டியவன். அவன் கண்ணில் வைத்திருந்த கல்லூரியிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது: மற்றதெல்லாம் சரி, இந்தப் பகுதியில் பத்தொன்பதுக்குக் கீழே எடுத்தவர்களின் விண்ணப்பத்தை நாங்கள் பிரிப்பதில்லை.

சபையில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. குழாய் வேலை செய்கிற கெண்ட் வாட்கின்ஸ் ஐம்பது வயதிலும் யாரையும் சும்மா விடாதவர். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜாரத்தின் தோளில் கைபோட்டார்.

"உண்மையைச் சொல்லுப்பா. பரீட்சைக்கு நீ போனியா, உன் தம்பி போனானா?"

"நான்தான் போனேன், பிரதர்."

"அப்ப அடுத்த தடவை தம்பியை அனுப்பு."

எங்கள் ஆட்கள் ஏன் பல்மருத்துவத்தின் மேல் இப்படி விழுகிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மூடிவிடலாம். நோயாளி செத்துப்போக மாட்டார். ஆறு பிள்ளை பெற்றவனும் மாலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். என் காரணம் வேறு. நாங்கள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, காபியும் தேநீரும் தொடுவதில்லை. மனுஷனுக்கு மிச்சம் இருப்பது சர்க்கரைதான். அதில் நாங்கள் ஒரு குறையும் வைப்பதில்லை. காபியை விலக்கியவன் ஒன்றேகால் லிட்டர் கோலாவில் தேங்காய்ப் பாகு ஊற்றிக் குடிப்பதை எந்தத் தீர்க்கதரிசியும் தடுக்கவில்லை. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் பல்மருத்துவர் என்பவர், பாவத்தின் சம்பளத்தைச் சொந்தச் சபைக்காரர்களிடமே வாங்கிக்கொள்பவர்.

ஜாரம் ஏழு பிள்ளைகளில் மூன்றாமவன். பத்தொன்பது வயதில் ஊழியத்துக்குப் போய் இரண்டு வருஷம் பராகுவேயில் வேதம் சொல்லக் கதவு கதவாகத் தட்டினான். திரும்பி வந்த வருஷமே விட்னியைக் கட்டினான். பொறியியல் சேர்ந்தான், விட்டான். கணக்கியல் சேர்ந்தான், அதையும் விட்டான். கடைசியில் உயிரியலை முடித்தபோது மூன்று பிள்ளைகள் இருந்தன. இப்போது இருபத்தொன்பது வயது. உருளைக்கிழங்குக் கிடங்கில் கிழங்கை நகர்த்தும் ஓடுபட்டை, மோட்டார், சங்கிலி எது நின்றாலும் ஓட வைக்கிற வேலை. விட்னி ஒரு பல்மருத்துவரிடம் உதவியாளர். ஜாரம் பல்மருத்துவம் படிக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ஏழு வருஷமும் அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

மூன்று முறைக்கு மேல் எழுத வேண்டுமென்றால் தேர்வு நடத்துகிறவர்களிடம் மனுப் போட வேண்டும். விட்னியிடம் அந்த வழியும் இல்லை.

"இதோட மூணு" என்று ஆகஸ்டில் அவள் சொல்லிவிட்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாளாம். "பத்தொம்பது வரலைன்னா கிடங்குல மேஸ்திரி வேலை காலியாகுதே, அதுக்கு எழுதிப் போடு."

"பதினெட்டு வந்தா?"

"பத்தொம்பதுன்னா பத்தொம்பது."

"பதினெட்டு ரொம்பப் பக்கம், விட்னி."

"பக்கத்து வீடும் பக்கம்தான். அங்க போய்ப் படுத்துக்குவியா?"

இதையெல்லாம் விட்னி என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள். எங்கள் சபையில் ரகசியம் என்பது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்படுவது.

அன்றிலிருந்து காலை நாலரைக்கு அவன் துணி துவைக்கும் அறையில் உட்கார ஆரம்பித்தான். வீட்டில் கதவு சாத்த முடிந்த அறை அது ஒன்றுதான். உலர்த்தி இயந்திரத்தின் மேல் புத்தகம், அதன் சூட்டில் கை. ஆறரைக்குக் கிடங்கு. தேர்வின் அந்தப் பகுதியில் தொண்ணூறு கேள்வி, அறுபது நிமிஷம், எல்லாம் படம். காகிதத்தை மடித்து ஓட்டை போட்டிருப்பார்கள், பிரித்தால் ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று கேட்பார்கள். அதற்காக ஜாரம் ஞாயிறுதோறும் சபையில் மிஞ்சிய நிகழ்ச்சித் தாள்களை அள்ளி வந்து, வார நாள்களில் மடித்து மடித்துத் துளைத்தான். வீடெங்கும் துளைத்த தாள் கிடந்தது. மூன்றாவது பிள்ளை அந்த வட்டத் துண்டுகளைப் பொறுக்கித் தின்றது. ஒட்டிவைத்த கட்டைக் குவியலுக்கு வண்ணம் அடித்தால் எந்தக் கட்டைக்கு எத்தனை பக்கம் வண்ணம் படும் என்று ஒரு கேள்வி. அதற்கு ஒரு டப்பா சர்க்கரைக் கட்டிகள் போயின. நாலு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்க வேண்டும் என்று இன்னொன்று. அந்தக் கோணங்களுக்குள் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பீட்சா வெட்டினார்கள். ஆறு வயசு பிரின்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்னோடது சின்னது. தம்பியோடதுதான் பெருசு."

ஜாரம் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "ஆமா. உன்னோடது முப்பத்தெட்டு டிகிரி. அவனோடது நாப்பத்தொண்ணு. மாத்திக்கோங்க."

விட்னி எழுந்துபோய்க் கோணமானியை எடுத்து வந்து அளந்தாள். தம்பியிடம் முதலில் இருந்ததுதான் சின்னது. அதற்குள் பிரின்லி அதைக் கடித்துவிட்டிருந்தாள். அன்று இரண்டு பேர் அழுதார்கள். ஜாரத்தையும் சேர்த்துக்கொண்டால் மூன்று.

ஆனால் அவனை உண்மையில் கவிழ்த்தது வேறொரு வகை. கோணல்மாணலான ஒரு பொருளின் படம் இருக்கும். அதன் கீழே ஐந்து ஓட்டைகள். எந்த ஓட்டை வழியாக அந்தப் பொருள் முழுசாக நுழைந்து அந்தப் பக்கம் போகும்? உள்ளே விடுவதற்கு முன்னால் அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பிடிக்கலாம். நுழைய ஆரம்பித்த பிறகு திருப்பக் கூடாது. இதில் பதினைந்துக்கு நாலு, மிஞ்சிப் போனால் ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்திருந்தாலும் மூன்று கிடைத்திருக்கும். நாற்காலி, கட்டில், அலமாரி என்று வாராவாரம் கதவு வழியாக நுழைக்கிறவனுக்கு இது வாய்க்குள் போட்ட லட்டு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

விட்னி துணி மடித்துக்கொண்டே கேள்வி கேட்பாள்.

"எது?"

"மூணாவது."

"முதலாவது."

"இல்லவே இல்ல. மூணாவது போகும்."

அவன் காலணிப் பெட்டி ஒன்றை எடுத்து, மூன்றாவது ஓட்டையை அளவு மாறாமல் அதில் வெட்டி, பிள்ளைகளின் கட்டைகளை ஒட்டி அந்தப் பொருளையும் செய்து, உள்ளே விட்டான். போனது.

"பாத்தியா?"

"நடுவுல திருப்பினே."

"லேசா."

"விதி என்ன?"

விதியை அவன் எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

"அப்புறம்?"

"லேசாத்தானே திருப்பினேன்."

விட்னி ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. கையிலிருந்த ஒற்றையைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

அக்டோபர் வந்தது. கிழங்கு அறுவடை. பள்ளிக்கூடங்களை இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வயலுக்கும் லாரிக்கும் போனார்கள். நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறவன், எனக்கு விடுமுறை. ஜாரத்துக்குக் கிடங்கில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துப்போயிற்று. தேர்வு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஐடஹோ ஃபால்ஸில். அதற்கு முந்தின சனிக்கிழமை ஒருநாளைக் கிடங்கில் கெஞ்சி விடுப்பு வாங்கியிருந்தான். அன்று முழுக்கப் படிப்பதாகத் திட்டம். ஞாயிறு ஓய்வுநாள். எங்கள் வீடுகளில் அன்றைக்குப் பாடப்புத்தகம் திறப்பதில்லை, ஜாரம் அதில் கெட்டி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையின் ஆண்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி போனது. 'நாளை காலை ஒன்பது மணி. புதிதாக வரும் ஒரு குடும்பத்துக்குச் சாமான் இறக்க வேண்டும். நிலவறை வீடு. நல்ல முதுகு உள்ளவர்கள் வரவும்.' அனுப்பியது நான். ஆண்கள் குழுவின் செயலாளர் என்ற முறையில் பட்டியலில் இருந்த அறுபது பேருக்கும் அனுப்பினேன். ஜாரத்தின் பெயரை எடுத்துவிட்டிருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அவன் இல்லாமல் அந்த நிலவறைப் படியில் சாமான் இறங்குமா என்ற கவலையும் கூடவே தோன்றியது.

"போகாத" என்றாள் விட்னி.

"ரெண்டே மணி நேரம். பதினொண்ணுக்கு வந்துருவேன்."

"அறுபது பேருக்குப் போயிருக்கு அது."

"அறுபது பேரும் அப்படித்தான் நினைப்பாங்க. அப்புறம் யார் வருவா?"

அவன் கணக்குச் சரி. அறுபது பேரில் மூன்று பேர் வந்தோம். ஜாரம், கெண்ட், நான். புதிதாக வந்தவர்கள் கல்யாணமாகி ஒரு வருஷமான ஜோடி. பையன் பெயர் டேலன். வீட்டுக்காரர் வாசலில் மேப்பிள் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோபா இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கால் நீட்டிக்கொள்ள வசதியாக நீண்டிருக்கும் வகை. டேலனின் மாமியார் வீட்டுச் சீர்.

படி இறங்கினால் கதவு. கதவைத் தாண்டி மூன்றடியில் எதிர்ச் சுவர். ஜாரம் முன்னால் பின்னோக்கி இறங்கினான். கெண்டும் நானும் மேலே. டேலன் நடுவில், உதவுகிற மாதிரி. சோபா பாதி உள்ளே போனது. ஜாரம் வழக்கம்போல முழங்காலை மடக்கி, தன் பக்கத்தைச் சற்று உயர்த்தி, இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினான். அது வெண்ணெய் மாதிரி வளைந்து வந்தது.

திடீரென்று, "நில்லுங்க" என்றான்.

நின்றோம். சோபாவைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பது சுகமான காரியம் இல்லை.

"நான் இப்ப என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணே? திருப்பினே" என்றார் கெண்ட்.

"எப்ப?"

"இப்பத்தான். பாதியில. இறங்குப்பா, கை விடுது."

"எனக்குத் தெரியவே இல்ல, பிரதர். கை தானா பண்ணுது." அவன் முகத்தில் ஏதோ திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த களை. ஆனால் திருடனும் அவன்தான். "வெளிய எடுங்க."

"என்னது?"

"வெளிய எடுங்க. திருப்பாம போகுமான்னு பாக்கணும்."

எடுத்தோம். ஏன் எடுத்தோம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. எட்டு வருஷமாக அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிய உடம்பு. நீளவாக்கில் நேராக விட்டுப் பார்த்தோம். இடித்தது. நட்டுக்குத்தலாக நிறுத்தி விட்டோம். இடித்தது. முதுகு கீழே, கால் மேலே. இடித்தது.

"போகாது" என்றான் ஜாரம். இவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையைச் சொன்னவனை நான் பார்த்ததில்லை.

டேலனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "போகாதா? இப்பத்தானே பாதி போச்சு, பிரதர்?"

"போகும். ஆனா போகாது."

"தம்பி, பயப்படாதே" என்றார் கெண்ட். "இவருக்குத் திங்கக்கிழமை பரீட்சை. செவ்வாய்க்கிழமை தெளிஞ்சிரும்."

மனைவி இரண்டு மாதமாகச் சொன்னதை சோபா இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. சோபாவை வழக்கம்போல் பாதியில் திருப்பி இறக்கினோம். ஆனால் மற்ற ஒவ்வொரு சாமானுக்கும் அவன் வண்டியிலிருந்தே கதவைப் பார்த்து நின்று, "போகும், இடது பக்கம் கீழ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் தூக்கினான். உள்ளே விட்ட பிறகு கை திரும்பினால் தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி வெளியே எடுத்தான். தொட்டில் மூன்று முறை உள்ளே போய் வெளியே வந்தது. துவைக்கும் இயந்திரத்தோடு கெண்ட் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேர வேலை ஐந்து மணி நேரம் பிடித்தது.

இரண்டு மணிக்குக் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவன் தொலைபேசி அடித்தது. கிடங்கில் பெரிய ஓடுபட்டை அறுந்துவிட்டது. பதினான்கு லாரி கிழங்கோடு வரிசையில் நிற்கிறது. விடுப்பாவது மண்ணாவது. போனான். ஏழு மணிக்கு மண்ணும் கிரீசுமாக வீடு வந்து, விட்னியிடம் தன் கண்டுபிடிப்பைச் சொன்னான்.

"இதைத்தான் நான் சொன்னேன்."

"நீ சொன்னே. இப்ப எனக்குத் தெரியுது."

"உனக்குத் தெரியறதுக்கு ஒரு சோபா வேணும்."

புத்தகத்தைத் திறந்தான். கண்டுபிடித்ததைக் கையோடு பழகிப் பார்க்க வேண்டும். இருநூறு படமாவது பார்த்தால்தான் கண் திருந்தும். நாலாவது படத்தில் தலை புத்தகத்தின் மேல் விழுந்தது. விட்னி அவனை எழுப்பவில்லை. எழுப்பத்தான் நினைத்தாளாம், எழுந்திருக்க அவளுக்கே தெம்பில்லை.

ஞாயிறு விடிந்தபோது நிலைமை இதுதான்: எங்கே தப்பு என்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு தெரிந்துவிட்டது, திருத்திக்கொள்ள இருந்த ஒரே நாளில் புத்தகத்தைத் தொடக் கூடாது. போதாததற்கு அன்று உபவாச ஞாயிறு. சாயங்காலம் வரை சோறில்லை, தண்ணீர் இல்லை.

பிஷப் ஆல்ரெட் மற்ற ஆறு நாளும் கிழங்கு விவசாயி. அந்த வாரம் முழுக்க வயலில் இருந்தவர், கோட்டு போட்ட களைப்பாக மேடையில் நின்றார். வழக்கமான அறிவிப்புகளை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம பிரதர் ஜெப்சனுக்கு நாளைக்கு ஒரு பரீட்சை. இந்த உபவாசத்துல அவரையும் நினைச்சுக்கங்க" என்றார். இருநூறு தலைகள் திரும்பின. ஜாரம் காது வரை சிவந்தான். பக்கத்து வரிசைச் சகோதரி ஒருத்தி, "என்ன பாடம் தம்பி?" என்று குனிந்து கேட்டாள். விளக்க நேரமில்லாமல், "கட்டைங்க, சிஸ்டர்" என்று சொல்லிவைத்தான். முடிவு ஜெபத்துக்கு அவளைத்தான் அழைத்தார்கள். "எங்கள் பரலோகப் பிதாவே, பிரதர் ஜெப்சன் அந்தக் கட்டைகளைத் தெளிவாகக் காணும்படி அவருடைய கண்களைத் திறந்தருளும்" என்று அவள் மனமுருகி வேண்டினாள். இருநூறு பேரும் ஆமென் சொன்னார்கள். கெண்ட் சற்றுச் சத்தமாகவே சொன்னார்.

ஜாரத்தின் கண்கள் அதற்கு முன்பே திறந்துதான் இருந்தன. சிக்கலே அதுதான். மேடையைப் பார்த்தால் அது பக்கக் கதவு வழியாகப் போகுமா என்று மனசு கேட்கிறது. பூச்சாடி, மைக், மடக்கு நாற்காலி, எதிர் வரிசைக் குழந்தையின் தள்ளுவண்டி, எல்லாம் நுழைகின்றன, இடிக்கின்றன. திருப்பாமல். ஒவ்வொன்றையும் முதலில் பிடித்து நிறுத்தி, தீர்மானித்து, பிறகு விட்டான். ஆராதனை முடிந்ததும் ஆர்கன் வாசிக்கிற சகோதரி, எழுபது வயது, விட்னியை ஓரமாக இழுத்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவதா? ஒரு மணி நேரமா என்னையே முறைச்சிட்டிருந்தார். தூக்கி வெளிய போடறவர் மாதிரி."

"உங்களை இல்ல, சிஸ்டர். ஆர்கனை."

அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பிஷப்பின் அறைக்குப் போனான். நான் அங்கே வருகைக் கணக்குத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

"பிஷப், ஒரு சந்தேகம். புத்தகத்தைத் தொடல. ஆனா எதைப் பாத்தாலும் ஓட்டை வழியா போகுமா போகாதான்னு ஓடுது. இது படிக்கறதுதானே? ஓய்வுநாளை மீறின மாதிரி ஆகாதா?"

பிஷப் நாற்காலியில் சாய்ந்தார். பசியில் எல்லோருக்குமே பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"இப்ப என்னைப் பாக்கறியே. நான் போவேனா?"

"எது வழியா, பிஷப்?"

"அந்த ஜன்னல்."

ஜாரம் பார்த்தான். இந்த முறை ஒரு கண்ணை மூடவில்லை. "நேரா போனா தோள் இடிக்கும். ஒருக்களிச்சு விட்டா போவீங்க."

"நடுவுல திருப்பாமலா?"

"திருப்பாம."

பிஷப் ஜன்னலைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். திருப்தியடைந்த மாதிரி தெரிந்தது. "கண்ணை மூடிக்கிட்டு நடன்னு வேதத்துல எங்கயும் இல்ல, ஜாரம். வீட்டுக்குப் போ. அஞ்சு மணிக்கு நல்லா சாப்பிட்டுத் தூங்கு. உன் மனைவியையும் தூங்க விடு."

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவன் கிளம்பினான். விட்னி சமையலறையிலிருந்தே, "அடையாள அட்டை எடுத்தியா?" என்று கேட்டாள். வேறு வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. முந்தின இரண்டு முறையும் வாழ்த்தியிருந்தாள்.

தேர்வறையில் பையைத் தடவிப் பார்த்தார்கள். முதலில் அறிவியல், ஒன்றரை மணி நேரம். பிறகு படங்கள். ஓட்டைக் கேள்விகளில் முதலாவதிலேயே கை மேசைக்குக் கீழே லேசாகத் திரும்புவதைக் கண்டு, இடது கையின் மேல் உட்கார்ந்துகொண்டானாம். வலது கையால் சுட்டியைப் பிடித்தபடி, ஒரு பக்கம் சாய்ந்து, பதினைந்து கேள்வியையும் முடித்தான். அறையைக் கண்காணித்தவர் இரண்டு முறை அருகில் வந்து பார்த்துவிட்டுப் போனார். கோணங்கள் வந்தபோது கை மரத்துவிட்டிருந்தது. கோணங்கள் எப்போதும்போலத்தான் இருந்தன. நாலும் ஒரே மாதிரி. மூன்று கேள்விக்கு வெறுமனே எதையோ அழுத்தினான். காகித ஓட்டைகளில் நேரம் போதவில்லை. இடைவேளையில் ஒரு வாழைப்பழம். பிறகு நீளமான பத்திகளைப் படித்துப் பதில் சொன்னான், பிறகு கணக்கு. ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது.

மதிப்பெண் உடனே திரையில் வந்தது. அவன் முதலில் அறிவியலைப் பார்த்தான், பிறகு கணக்கு, பிறகு வாசிப்பு. அதெல்லாம் முன்போலவே இருந்தது. கடைசியாகத்தான் அந்த வரியைப் பார்த்தான்.

காருக்கு வந்து விட்னியைக் கூப்பிட்டான். அவள் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருந்தாள். உறிஞ்சும் குழாயின் சத்தம் அவனுக்குக் கேட்டது.

"எவ்வளவு?"

"பத்தொம்பது."

குழாய்ச் சத்தம் நின்றது.

"பத்தொம்பதா?"

"பத்தொம்பதேதான். இருபது இல்ல."

"இருபது யார் கேட்டா?" என்றாள் விட்னி. "சரி. இங்க ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சிட்டிருக்கார்." வைத்துவிட்டாள்.

பத்தொன்பது என்றால் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை. உறையைப் பிரிப்பார்கள் என்றுதான் அர்த்தம். இனி சிபாரிசுக் கடிதங்கள், நேர்காணலுக்கு ஒரு கோட்டு, மார்ச் வரை காத்திருப்பு. கிடைத்தால் மூன்று பிள்ளைகளோடு இரண்டாயிரம் மைல் தள்ளி நாலு வருஷம். அங்கேயும் யாரோ ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் விட்னி குழாய் பிடித்து நிற்பாள். தோற்றிருந்தால் இன்றோடு முடிந்திருக்கும். ஜெயித்ததால் ஆரம்பிக்கிறது.

அவள் ஐந்தரைக்கு வீடு வந்தபோது வாசற்படியில் மூன்று பாத்திரங்கள் இருந்தன. மூன்றிலும் ஒன்றேதான், சீஸும் கிரீமும் போட்டு மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி வேகவைத்த உருளைக்கிழங்கு. எங்கள் சபையில் சாவு வீட்டுக்கும் அதுதான் போகும், கல்யாண வீட்டுக்கும் அதுதான். முடிவு தெரியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்று என் மனைவி வைத்தது. விட்னி வந்துவிட்டாளா என்று பார்த்து, பகலெல்லாம் எங்கள் வீட்டில் இருந்த அவள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடப் போனாள். அதனால் மற்றதை அவள் கண்ணால் பார்த்தாள்.

ஜாரம் முன்னறைச் சோபாவில் காலணியோடு நீட்டிப் படுத்திருந்தான். விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"சந்தோஷம்தானே உனக்கு?" என்று கேட்டான்.

விட்னி பையைக் கீழே வைத்தாள். உட்கார இடம் பார்த்தாள். இருந்த இடம் முழுக்க அவன் கால் இருந்தது.

"இருப்பேன், ஜாரம். சத்தியமா இருப்பேன். நாளைக்கு. இன்னிக்கு முடியல."

அவன் அதற்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்படியே தூங்கிவிட்டான். விட்னி அவனுடைய ஒரு காலணியைக் கழற்றினாள். இன்னொன்று மற்ற காலுக்கு அடியில் மாட்டியிருந்தது, விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். மிச்சத்தைப் பாத்திரத்திலிருந்தே கரண்டியால் நின்றபடி சாப்பிட்டாள். பிறகு மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சீருடையைத் துவைக்கப் போனாள்.